உடைந்த வாளை எந்தக் கோலால் அளப்பது?

போல் ஆண்டர்சனின் ‘தி புரோக்கன் ஸ்வோர்ட்’ நாவலை முதல் முறை படித்தபோது பாதியில் மூடி வைத்துவிட்டேன். அதில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதே இல்லை. எடுத்த எடுப்பில் வெட்டுகிறார்கள், காதலிக்கிறார்கள், செத்துப்போகிறார்கள். எல்ஃப்கள் என்று வருகிற மாய இனத்தவர்கள் தொட்டிலிலிருந்து குழந்தை திருடுகிறார்கள். யாருக்கு என்ன கேடு வரும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு கிழவி சாபமாகச் சொல்லிவிடுகிறாள்; அப்புறம் மீதிக் கதை எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. ஏழெட்டு வருடம் கழித்து அதே பிரதியை எடுத்தேன், இரண்டே இரவில் முடித்தேன். இடையில் நடந்தது இவ்வளவுதான்: ஐஸ்லாந்தின் பழங்கதைகள் நாலைந்தைப் படித்திருந்தேன்.

வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் தொன்மத்திலிருந்து பிறந்த பழைய ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இழுபறி கட்டாயம் வரும். ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுவார். இன்னொருவர், ‘மனிதர்களே இல்லை, எல்லாம் மரப்பாச்சி’ என்பார். கடைசியில் யாராவது ‘ருசி அவரவருக்கு’ என்று பஞ்சாயத்தை முடித்துவைப்பார். சண்டை நிற்கும், விளக்கம் கிடைக்காது. ருசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும். அதற்கு இலக்கியக் கோட்பாட்டில் ஓரளவு நல்ல பதில் ஒன்று உண்டு.

டம்ளரில் இருப்பது காபியா, டீயா?

காபி என்று நினைத்து டம்ளரை வாயில் வைக்கிறீர்கள். உள்ளே டீ. இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீதான், சூடும் சரியாக இருக்கிறது. ஆனாலும் முதல் மடக்கில் முகம் சுளிக்கும். நாக்கு காபிக்குத் தயாராக இருந்தது; அந்த ஒரு நொடி நீங்கள் டீயைச் சுவைக்கவில்லை, காபி இல்லாததைச் சுவைக்கிறீர்கள். டீ என்று தெரிந்தே குடித்திருந்தால் இன்னொரு டம்ளர் கேட்டிருப்பீர்கள்.

புத்தகத்திலும் இதுதான் நடக்கிறது. ஹான்ஸ் ராபர்ட் யௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1967-இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு பெயரைப் பயன்படுத்தினார். தமிழில் எதிர்பார்ப்பின் தொடுவானம் என்று சொல்லலாம். நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் தொடுவானம். மொட்டை மாடியில் நிற்பவருக்கு ஒன்று, கிணற்றடியில் நிற்பவருக்கு இன்னொன்று. வாசகர் நிற்கும் இடத்தை முடிவு செய்பவை அவர் முன்பு படித்தவைதான். அதே வகைக் கதைகள் எப்படித் தொடங்கும், எப்படி முடியும், எந்த மொழியில் பேசும் என்று ஒரு பழக்கம் உருவாகிவிடுகிறது. புதுப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்தப் பழக்கமும் கூடவே திறந்துகொள்கிறது.

யௌஸ் காட்டும் உதாரணம் பிரெஞ்சு நாட்டில். ஏறக்குறைய ஒரே சமயத்தில், 1850-களின் கடைசியில், இரண்டு நாவல்கள் வந்தன. ஃப்ளோபேரின் ‘மதாம் போவாரி’ ஒன்று, ஃபெய்தோவின் ‘ஃபானி’ இன்னொன்று. இரண்டிலும் திருமணத்துக்கு வெளியே ஒரு காதல். ‘ஃபானி’ அமோகமாக விற்றது. ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நின்றார். இன்று ‘ஃபானி’யைத் தேடிப் படிப்பவர் யார்? நூல்களின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வாசகர்கள் நின்ற இடம் நகர்ந்தது.

இதுவரை சொன்னது: ஒரு நூல் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் நூலுக்குள் மட்டும் முடிவாவதில்லை. வாசகர் எதைத் தேடி வந்தார் என்பதும் அதில் சேர்த்தி.

ஒரே வருடம், ஒரே கிணறு

இப்போது வடக்கே போவோம். 1954-இல் இலண்டனில் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகம் வெளியானது. அதே வருடம் அமெரிக்காவில் ‘தி புரோக்கன் ஸ்வோர்ட்’. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுத வாய்ப்பே இல்லை. ஆனால் இருவரும் நீர் இறைத்தது ஒரே கிணற்றில். டோல்கீன் தன் குள்ளர்களுக்கும் காண்டால்ஃப் என்ற மந்திரவாதிக்கும் பெயர் எடுத்தது பழைய ஐஸ்லாந்துக் கவிதை ஒன்றில் வரும் பட்டியலிலிருந்து. அந்தப் பட்டியலில் உள்ள துவாலின் என்ற குள்ளன், இன்னொரு பழங்கதையில் சாபம் பிடித்த ஒரு வாளைச் செய்துகொடுப்பவர்களில் ஒருவன். அந்த வாளின் பெயர் டிர்ஃபிங். உறையிலிருந்து உருவினால் ஓர் உயிர் எடுக்காமல் உள்ளே போகாது. ஆண்டர்சனின் உடைந்த வாள் அதுதான்.

பிறகு டோல்கீன் உலகமெங்கும் பரவினார். 1965-இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு வந்த பிறகு ஃபேன்டஸி என்றாலே அவர் போட்ட அச்சு என்றாகிவிட்டது. அந்த அச்சில் முக்கியமான ஒன்றுக்கு அவரே ஒரு சொல் உண்டாக்கி, 1947-இல் அச்சான தன் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். இன்பத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம்: எல்லாம் முடிந்தது, தோற்றோம் என்ற கட்டத்தில், யாரும் எண்ணாத இடத்திலிருந்து வரும் மீட்பு. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடிவில், எரிமலை விளிம்பில், அழித்தே ஆகவேண்டிய மோதிரத்தை எறிய மனம் வராமல் நாயகன் நிற்கிறான். அந்த மோதிரத்துக்கு ஏங்கித் திரியும் கோலம் என்ற பிராணி அதைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு கால் தவறி உள்ளே விழுகிறான். அதுதான் திருப்பம். இதில் ஊறியவர் எந்த ஃபேன்டஸியைத் திறந்தாலும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார்.

எல்ஃப்கள் விஷயமும் அப்படித்தான். டோல்கீனின் எல்ஃப்கள் மூத்தவர்கள், சான்றோர், பார்த்தால் கைகூப்பத் தோன்றும். ஆண்டர்சனின் எல்ஃப்கள் அழகானவர்கள், சாவில்லாதவர்கள், ஆனால் ஆன்மா இல்லாதவர்கள். இரும்பைத் தொட முடியாது, சிலுவையைக் கண்டால் ஒதுங்குவார்கள், இரக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. இது ஆண்டர்சன் சும்மா கொடூரத்துக்காகச் சேர்த்தது இல்லை. பிள்ளையை மாற்றி வைத்துவிடும் எல்ஃப்கள் வடக்கு ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் பழைய ஆட்கள். டோல்கீன்தான் அவர்களைக் குளிப்பாட்டி, நல்ல உடை போட்டு, பெரிய மனிதர்கள் ஆக்கினார்.

கதை என்ன?

ஓர்ம் என்ற டேனிஷ் வீரன் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தை வீட்டோடு கொளுத்தி நிலத்தைப் பிடிக்கிறான். பிழைத்த கிழவி சூனியக்காரி. உன் பிள்ளை மனித உலகுக்கு வெளியே வளர்வான், நீ ஓர் ஓநாயை வளர்ப்பாய் என்று சபிக்கிறாள். எல்ஃப் தலைவன் இம்ரிக் அந்தப் பிள்ளையைத் திருடி ஸ்காஃப்லாக் என்று பெயரிட்டு வளர்க்கிறான். தொட்டிலில் அவன் விட்டுச்செல்வது அதே சாயலில் ஒரு மாற்றுப்பிள்ளை, வால்கார்ட். தாய், அரக்கர் போன்ற ட்ரோல் இனத்தவள். பெயர்சூட்டும் நாளில் தேவர்களிடமிருந்து ஸ்காஃப்லாக்குக்குப் பரிசு வருகிறது, உடைந்த வாள். வளர்ந்த வால்கார்ட் தன்னை வளர்த்த குடும்பத்தையே அழிக்கிறான். தப்பிய மகள் ஃப்ரெடாவும் ஸ்காஃப்லாக்கும் உடன்பிறப்பு என்று தெரியாமலே காதலிக்கிறார்கள். உண்மையைச் சொல்வது கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட அவர்களுடைய பெற்றோரே. வாள் ஒட்டப்படுகிறது, போர் வெல்லப்படுகிறது, இரண்டு ‘மகன்களும்’ அதே வாளுக்கு இரையாகிறார்கள்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபம் வருகிறதா? அந்தக் கோபம் உங்கள் தொடுவானத்திலிருந்து வருகிறது.

முடிவு தெரிந்த பிறகு மிச்சம் என்ன?

நார்ஸ் தேவர்கள் தோற்கப்போகிறவர்கள். அது அவர்களுக்கே தெரியும். 1220-ஐ ஒட்டி ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசன் தொகுத்த ‘எட்டா’ நூலில் உலகின் கடைசிப் போர் முன்கூட்டியே விவரிக்கப்படுகிறது. தேவர்களின் தலைவன் ஓடினை ஃபென்ரிர் என்ற ஓநாய் விழுங்கும். தோர், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொல்வான். ஒன்பது அடி எடுத்து வைப்பான். அதன் நஞ்சில் விழுந்து சாவான். ஒன்பது அடி என்று எண்ணியே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தும் ஓடின் அந்தப் போருக்காக வீரர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான்.

இந்த விதிக்கு அவர்கள் மொழியில் ஓர்லோக் என்று பெயர்; முதலிலேயே இடப்பட்ட சட்டம் என்பது போலப் பொருள். நமக்கு உடனே ஊழ் ஞாபகம் வரும். பாதி பொருந்தும். சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவதற்கு முற்பிறவியில் ஒரு கணக்கு இருக்கிறது; ஊழ்வினை அதைத் தேடி வந்து ஊட்டுகிறது. ஓர்லோக்கில் அப்படிப்பட்ட முற்பிறவி வரவுசெலவு கிடையாது. ஸ்காஃப்லாக் ஒரு பாவமும் செய்யாதவன். தொட்டிலில் கிடந்தபோதே அகப்பட்டுக்கொண்டான். ‘இவன் என்ன தப்பு செய்தான்?’ என்று நாம் தேடுவோம். கதையில் விடை இருக்காது.

அப்படியானால் என்ன சுவாரசியம்? விடிய விடியக் கர்ணன் கூத்துப் பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கர்ணன் பிழைப்பானா என்ற சந்தேகத்தில் யாரும் பாயை விரித்து உட்காருவதில்லை. எப்படிச் சாகிறான், சாகும்போது என்ன கொடுத்துவிட்டுப் போகிறான் என்பதற்காகவே உட்காருகிறார்கள். நார்ஸ் கதை கேட்டவர்களும் அப்படித்தான். மாடு சாகும், உறவு சாகும், நீயும் சாவாய், செத்தவனைப் பற்றி ஊர் சொல்லும் சொல் மட்டும் சாகாது என்று அவர்களுடைய பழம்பாட்டு ஒன்று சொல்கிறது. ‘அடுத்து என்ன?’ என்பதன் இடத்தில் ‘எப்படி நின்றான்?’ என்பது உட்கார்ந்திருக்கிறது.

டோல்கீனுக்கும் இது நன்றாகவே தெரியும். 1936-இல் ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியம் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையில், தோல்வி உறுதி என்று தெரிந்தும் நிற்கும் இந்த வடக்கத்தித் துணிச்சலைத்தான் அவர் பெரிதாகப் பேசினார். அவர் எழுதிய டூரின் கதையிலும் தெரியாமல் தங்கையை மணக்கும் வீரன், சபிக்கப்பட்ட கரிய வாள், மீட்பில்லாத முடிவு எல்லாம் உண்டு. ஆனால் அது முதலில் அச்சேறியது 1977-இல், அவர் மறைந்து நாலு வருடம் கழித்து. அதற்குள் வாசகர்களின் தொடுவானம் மோதிரக் கதையால் போடப்பட்டுவிட்டது.

சுருக்கமாக: இன்பத் திருப்பத்துக்குக் காத்திருப்பவருக்கு ஆண்டர்சனின் நாவல் ஏமாற்றம். ஒன்பது அடியை எண்ணத் தெரிந்தவருக்கு அதே பக்கங்களில் வேறு கதை ஓடுகிறது.

மனசைத் திறந்து காட்டாத கதை

‘மரப்பாச்சி’ புகாருக்கு வருவோம். இதற்கு ஒரு சொல் தேவை: சாகா. ஐஸ்லாந்தில் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நீண்ட உரைநடைக் கதைகளை இப்படிச் சொல்வார்கள். சொல்லப்பட்டது என்பதே அந்த வார்த்தையின் வேர். (தமிழ்க் காதுக்கு இது விபரீதமான பெயர். சாகாவில் சாகாதவர் அபூர்வம்.)

சாகாவின் குணம், வெளியே தெரிவதை மட்டும் சொல்வது. என்ன செய்தார், என்ன பேசினார், முகம் எப்படி மாறியது. உள்ளே என்ன ஓடியது என்று கதைசொல்லி நுழைந்து பார்க்கமாட்டார். ‘நியாலின் சாகா’வில் குன்னர் என்ற வீரனுக்கு மூன்று வருடம் நாடு கடத்தல் தண்டனை. போகாவிட்டால் யாரும் கொல்லலாம். தம்பியோடு கப்பலுக்குப் போகும் வழியில் குதிரை இடறுகிறது, கீழே குதிக்கிறான். நிமிர்ந்தால் எதிரே தன் வீட்டு மலைச்சரிவு. வெளிறிய வயல், அறுத்த புல்வெளி. இவ்வளவு அழகாக இது எப்போதும் தெரிந்ததில்லை, நான் திரும்பிப் போகிறேன், எங்கும் போகப்போவதில்லை என்கிறான். அவ்வளவுதான். தம்பி கப்பலேறுகிறான். குன்னர் வீடு திரும்புகிறான், கொல்லப்படுகிறான். ஏன் திரும்பினான்? மண் பாசமா, செருக்கா, ஓடுகிறவன் என்ற பெயருக்கு அஞ்சியா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாகா வாய் திறக்கவில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ‘கிரெட்டிர் சாகா’வில் ஒரு மழை நாள். கதவு தட்டும் சத்தம். அட்லி வெளியே வந்து வாசலில் நிற்கிறான். ஒளிந்திருந்த பகைவன் பாய்ந்து இரண்டு கையாலும் ஈட்டியை அவன் உடம்பில் ஏற்றுகிறான். இப்போதெல்லாம் அகல ஈட்டிகள்தான் வழக்கம்போல என்று சொல்லிவிட்டு அட்லி வாசற்படியில் விழுகிறான். வலி, பயம், தாயின் முகம் என்று எதுவும் இல்லை. ஆயுதத்தைப் பற்றி ஒரு கருத்து, உயிர் போய்விட்டது. இதைப் படித்துச் சிரிப்பு வந்து, அப்புறம் சிரித்ததற்காகக் கொஞ்சம் நடுங்கினால், சாகா உங்களுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

தற்கால நாவல் நம்மை வேறு மாதிரி பழக்கியிருக்கிறது. ஒருவன் முடிவெடுத்தால் அதற்கு முன் மூன்று பக்கம் மனக்குழப்பம் வரவேண்டும். வந்தால்தான் பாத்திரத்துக்கு ‘ஆழம்’. ஆண்டர்சன் முழுக்கச் சாகா நடையில் எழுதவில்லை, வருணனையில் தாராளம்தான். ஆனால் பாத்திரங்களை நடத்தும் விதம் சாகாவினுடையது. உடன்பிறப்பு என்று தெரிந்த பிறகு ஸ்காஃப்லாக்கின் மனசைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போடுவதில்லை. அதற்குப் பிறகு அவன் எப்படிச் சண்டை போடுகிறான் என்று காட்டுகிறார். அந்தச் சண்டையைப் படிக்கத் தெரிந்தவருக்குத் துக்கம் தெரியும். படிக்கத் தெரியாதவருக்குச் சண்டைதான் தெரியும்.

பேச்சு ஏன் இப்படி இருக்கிறது?

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆண்டர்சன் பழைய ஆங்கிலச் சொற்களைத் தூவுகிறார். ஸ்காஃப்லாக் நடுநடுவே செய்யுள் சொல்கிறான். வீரன் என்றால் பாட்டுக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் வழக்கம். அந்தப் பாட்டுகளில் கென்னிங் என்ற அணி உண்டு: ஒரு பொருளை நேராகச் சொல்லாமல் விடுகதைபோல இரண்டு சொல்லால் சுற்றிச் சொல்வது. அலையின் குதிரை என்றால் கப்பல். விடுகதை பிடிப்பவருக்கு இது விருந்து, கதையின் வேகத்துக்காக வந்தவருக்கு வேகத்தடை.

ஆசிரியரும் ஒரு வாசகர்தான்

இந்தப் புத்தகத்தின் விசித்திரமான வாசகர் ஒருவர் உண்டு: ஆண்டர்சனேதான். பெற்றோர் டேனிஷ் வழியினர், இயற்பியல் பட்டதாரி, பெயர் வாங்கியது பெரும்பாலும் அறிவியல் புனைகதைகளில். நாவல் வந்தபோது வயது 27 அல்லது 28. 1971-இல் மறுபதிப்பு வந்தபோது அதைத் திரும்பத் திருத்தினார். இப்படித் தலைதெறிக்க ஓடுகிற, வளவளவென்ற, ஓயாத மூர்க்கத்தோடு இன்று நான் எழுதமாட்டேன் என்ற பொருளில் முன்னுரையில் சொல்லிவிட்டு நடையை இறுக்கினார். கதை மாறவில்லை, எழுதியவரின் தொடுவானம் மாறியிருந்தது.

ஆனால் ஃபேன்டஸி எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் போன்றவர்களுக்கு 1954-இன் அந்த மூர்க்கமே பெரிது. மூர்காக்கின் எல்ரிக் கதைகளில் வரும் உயிர்குடிக்கும் கரிய வாளில் டிர்ஃபிங்கின் சாயல் தெரியும். எனவே இருவர் சண்டை போடும்போது முதலில் கேட்கவேண்டியது: நீங்கள் படித்தது எந்தப் பதிப்பு? 1970-களின் பழைய பிரதியில் ஆசிரியரின் அந்த முன்னுரை இருந்தால் அது திருத்திய வடிவம். ‘ஃபேன்டஸி மாஸ்டர்வொர்க்ஸ்’ வரிசையில் வந்தது முதல் வடிவம்.

எல்லாப் பழியையும் தொடுவானத்தின் தலையில் கட்டலாமா?

கூடாது. இந்தக் கோட்பாட்டை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவர்கள் செய்யும் தப்பு இது. யாராவது குறை சொன்னால், ‘உனக்கு சாகா தெரியாது’ என்று வாயை அடைப்பது. சில குறைகள் எங்கிருந்து பார்த்தாலும் குறைதான்.

ஃப்ரெடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காஃப்லாக்கைப் பிரிந்த பிறகு ஆசிரியர் அவளுக்குத் தரும் வேலை ஏறக்குறைய துக்கப்படுவது மட்டுமே. ‘சாகாவில் அப்படித்தான்’ என்று சொல்லமுடியாது. குன்னர் வீட்டுக்குள் சிக்கிக்கொண்டு வில்லோடு போராடும்போது நாண் அறுந்துபோகிறது. மனைவி ஹால்கெர்த்திடம் இரண்டு கற்றை முடி கேட்கிறான், நாணாக முறுக்கிக்கொள்ள. அவன் முன்பு கொடுத்த அறையை நினைவூட்டி மறுத்துவிடுகிறாள். அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை. இப்படிப்பட்ட பெண்கள் நடமாடும் இலக்கியத்தை வைத்து அளந்தால் ஃப்ரெடா இன்னும் சின்னதாகத்தான் தெரிவாள். சரியான கோல் என்றால் புத்தகத்துக்குச் சாதகமான கோல் என்று பொருள் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

நாவலுக்கு முன்னால் ஒரே ஒரு சின்னக் கதை படித்துவிடுங்கள் என்பேன். வெண்கரடியோடு போகும் ஆவ்துன் என்பவனின் கதை, ஆங்கில மொழிபெயர்ப்பில் சில பக்கங்கள்தான். ஐஸ்லாந்தின் ஏழை ஒருவன் கிரீன்லாந்தில் தன்னிடம் உள்ள அத்தனையும் கொடுத்து ஒரு கரடி வாங்குகிறான், டென்மார்க் அரசர் ஸ்வெய்னுக்குப் பரிசளிக்க. வழியில் நார்வே அரசர் ஹரால்ட் பார்க்கிறார். டென்மார்க்கோடு போரில் இருப்பவர், கோபக்காரர். வாங்கிய விலைக்குத் தருகிறாயா? இல்லை. இரண்டு மடங்கு? இல்லை. எனக்குச் சும்மா தருகிறாயா? இல்லை, ஸ்வெய்னுக்குத்தான் என்கிறான். அரசர் ஒரு கணம் பார்க்கிறார். சரி போ, திரும்பி வரும்போது ஸ்வெய்ன் உனக்கு என்ன கொடுத்தார் என்று வந்து சொல் என்று விட்டுவிடுகிறார்.

அவன் ஏன் தரவில்லை, இவர் ஏன் விட்டார் என்று கதையில் ஒரு வரி கிடையாது.